பனிப்பரப்பை அளப்பதற்கும் காட்டு விலங்குகளோடு மக்கள் சேர்ந்து வாழ்வதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. நான் கிண்டியில் தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்கிற படிப்பு, படித்தவன். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியைப் பார்க்காமலே இரண்டு வருஷம் இமயமலைப் படங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

செயற்கைக்கோள் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. ஆனால் பனி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மேகம் அப்படி விழுங்காது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நாசா செயற்கைக்கோள்களில் இருக்கிற மோடிஸ் கருவியின் படங்களில், 2000இலிருந்து, 500 மீட்டர் கட்டங்களாகப் பனியைக் கணக்கிடுகிறார்கள்.

அப்புறம் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் கிப்பர் கிராமத்துக்குப் போனேன். ஏறக்குறைய 4,200 மீட்டர் உயரம். இங்கே கிண்டி தேசியப் பூங்காவுக்கு மதில் இருக்கிறது, 2.7 சதுர கிலோமீட்டருக்குள் மான்கள், வெளியே நாம். அங்கே மதில் கிடையாது. பனிதான் எல்லை, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே புல்லைப் பனி மூடிவிட்டால் பரல் என்கிற நீல ஆடுகள் ஊரை ஒட்டிய சரிவுகளுக்கு இறங்கும். அவற்றின் பின்னால் பனிச்சிறுத்தையும் வரும். ஊர்க்காரர்கள் கல்லால் கட்டிய, கூரையில்லாத ஆட்டுப்பட்டிக்குள் அது குதித்துவிட்டால், வீட்டு ஆடுகள் தப்பி ஓட வழியில்லாததால், ஒரே இரவில் பல செத்துவிடும். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு, கோபம் வருவதில் தப்பே இல்லை.

பனி குறைந்தாலும் ஆபத்துதான். உருகும் நீர் குறைந்தால் கோடையில் புல் குறையும். வீட்டு ஆடும் பரலும் ஒரே புல்லுக்குப் போட்டி போட, பரல் குறைந்தால் சிறுத்தை பட்டியைத் தேடும்.

கிப்பர் மக்கள் 1990களின் இறுதியில் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைப் பரலுக்கென்று விட்டுக்கொடுத்தார்கள். கால்நடைகளுக்குக் காப்பீடும் நடத்துகிறார்கள். லடாக்கில் பல ஊர்களில் பட்டிக்கு மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். அவை வாழும் இடங்களில் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியே, மக்களின் மேய்ச்சல் நிலத்தில்தான். அந்த மக்களின் பொறுமைக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

500 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு பட்டி தெரியாது. எந்தச் சரிவில் முதலில் பனி விலகிப் புல் தலைகாட்டும் என்பது மேய்ப்பவர்களுக்குத்தான் தெரியும். வேளச்சேரியில் உட்கார்ந்து படங்களை அலசிவிட்டு, அவர்களிடம் ஒவ்வொரு சரிவாகக் கேட்டு வரைபடத்தில் குறிப்பதுதான் இப்போது என் வேலை.