பல் பிடுங்கும் குறட்டைக் கொதிநீரில் போட்டால் போதுமா?

கேள்வி: நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறோம். போன மாதம் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினோம். டொக்டர் குறட்டைச் சுடுதண்ணீர்த் தட்டிலிருந்து எடுத்தார். பல்லைப் பார்த்த கையுறையோடே லாச்சியைத் திறந்தார், போனையும் எடுத்தார். நோய் தொற்றுமா? கேட்டால் கோபிப்பாரோ என்று பேசாமல் வந்துவிட்டோம்.

பதில்: முதலில் அம்மா. ஒரு மாதமாகியும் வீக்கமோ காய்ச்சலோ இல்லையென்றால், பல் எடுத்த இடத்தில் சீழ் வைக்கும் பயம் அநேகமாகத் தீர்ந்தது. இரத்தத்தால் பரவும் ஈரல் நோய்களான ஹெபடைடிஸ் பி, சி தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாளாவது தங்கும். அதனால் ஆஸ்பத்திரியில் சொல்லி 3 மாதத்திலும் 6 மாதத்திலும் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இடையில் கண் மஞ்சளித்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால், உடனே போங்கள்.

குறட்டு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. கொதிநீரில் பல கிருமிகள் சாகும், ஆனால் சில பக்டீரியாக்கள் கடினமான ஓட்டுக்குள் ஒடுங்கி வித்துகளாக இருக்கும், அவை சாகா. அதிலும் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஓட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் கருவி நீராவியை அழுத்தி 121 பாகையில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் வைக்கும். வித்துகளை அழிக்க அந்தச் சூடு வேண்டும்.

இதைப் படிக்காமல் எந்தப் பல் வைத்தியரும் வெளியே வருவதில்லை. நானும் பல் வைத்தியர்தான், அதனால் சொல்கிறேன். வாசலில் முப்பது பேர், கையில் நாலு குறடு, ஓட்டோகிளேவ் சூடேறி ஆறி உலர அரை மணிக்கு மேல். அந்த அவசரத்தில்தான் கை தட்டுக்குப் போகிறது. நெருக்கடி புரிகிறது, ஆனாலும் அது சரியல்ல. கையுறையும் அப்படித்தான்: எச்சிலும் இரத்தமும் பட்ட கையுறை லாச்சிப் பிடியைத் தொட்டால், அடுத்தவருக்கு அந்தப் பிடியே ஆபத்து.

கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. “ஐயா, குறடு புதுப் பெக்கற்றிலிருந்து எடுக்கிறீங்களா?” என்று கேளுங்கள். ஓட்டோகிளேவில் போன பெக்கற்றில் ஓர் அடையாளம் நிறம் மாறியிருக்கும். அடுத்த பல்லுக்குப் போகும்போது, பெக்கற்றைப் பிரிக்கும் நேரத்தில் அம்மாவின் பக்கத்திலேயே நில்லுங்கள்.