துர்முஸ் பயறின் கசப்பு: வேகவைத்தால் மட்டும் போகாது

அண்ணாச்சி, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த துர்முஸ் பயறை ஓர் இரவு ஊறவைத்து, குக்கரில் நாலு விசில் விட்டும் வாயில் வைக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பயறு கெட்டுப்போகவில்லை. துர்முஸ் என்பது லூபின் என்ற செடியின் விதை. இதில் லூபானின், ஸ்பார்டீன் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது கசப்பான நச்சுப்பொருள்கள் உண்டு. சூட்டில் அவை அழியாது, தண்ணீரில் கரைந்துதான் வெளியேற வேண்டும். நம்ம ஊரில் மரச்சீனி வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, அதே வழிதான். ஆனால் இதற்கு நாள்கணக்கில் பொறுமை வேண்டும்.

வெந்த பயறையே பெரிய பாத்திரத்தில் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாகர்கோவில் வெக்கையில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். காலை, மதியம், இரவு தண்ணீரை மாற்றுங்கள். நாலைந்து நாள் ஆகும், சில பயறுக்கு ஒரு வாரம்கூட. தினமும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள். கசப்பு துளியும் இல்லை என்றானபின்தான் உப்புத்தண்ணீரில் போட வேண்டும்.

உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கசப்பை மறைத்துத் தின்றுவிடாதீர்கள். வாய் உலரும், பார்வை மங்கும், தலை சுற்றும். அப்புறம், வடித்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றவே கூடாது. வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் அவர்களுக்கு இந்தப் பயறு வேண்டாம்.