கிறிஸ்துமஸ் பாட்டில் ஒரு 82 வயதுக் குரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் பாடகர்களைப் பற்றி எழுதியபோது, அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டின் 'எ ஸ்விங்கிங் கிறிஸ்துமஸ்' ஆல்பத்தைத் தவறாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். கேட்டேன். எனக்கு ஒட்டவில்லை. நான் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடுகிறவன். அந்தக் காதோடு கேட்டால் குரல் கரகரக்கிறது, சில இடங்களில் பாடுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியவில்லை. மெட்டை நேராகப் பாடுவதும் இல்லை. தாளம் முன்னால் போய்விடுகிறது, இவர் நிதானமாகப் பின்னால் வருகிறார். எங்கள் குழுவில் நான் இப்படிப் பாடினால் நடத்துநர் வெளியே அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கிறிஸ்துமஸ் என்று பெயர் வைத்துவிட்டு இயேசுவின் பெயரே இல்லாத பாட்டாக அடுக்கியிருக்கிறார்கள். வயதான நட்சத்திரத்தை வைத்து டிசம்பரில் காசு பார்க்கிற வேலைதானே இது? இதில் நீங்கள் எதைக் கண்டீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. காசு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2008 அக்டோபரில் வெளியிட்டார்கள் என்றால் டிசம்பர் விற்பனையை மனதில் வைத்துத்தான். அமெரிக்க இசை நிறுவனங்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வியாபாரம் இது. ஆனால் ஆல்பம் ஏன் வந்தது என்பதற்குத்தான் அது பதில். உள்ளே இருக்கும் பாட்டைக் கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

இயேசு இல்லை என்கிறீர்கள். உண்மைதான். உங்கள் ஆலயத்தில் பாடும் கேரல்கள் வேறு வம்சம், இவை வேறு வம்சம். பென்னட் பாடியவற்றில் பெரும்பாலானவை 1930களிலும் 40களிலும் 50களிலும் நியூயார்க்கின் பாட்டுக் கம்பெனிகளுக்கும் ஹாலிவுட்டுக்கும் பிராட்வே நாடக மேடைக்கும் எழுதப்பட்டவை. 'ஐ'வ் காட் மை லவ் டு கீப் மீ வார்ம்' 1937இல் ஒரு சினிமாவுக்காக இர்விங் பெர்லின் எழுதியது. அவர் ரஷ்யாவிலிருந்து குழந்தையாக வந்திறங்கிய யூதர். 'மை ஃபேவரிட் திங்ஸ்' 1959இல் வந்த மேடை நாடகப் பாட்டு, அங்கே அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தமே இல்லை. 'வின்டர் வொண்டர்லேண்ட்' பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்கூடக் கிடையாது. 1934இல் அதன் வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஸ்மித் காசநோய்க்காரர், பாட்டு வந்த மறுவருஷமே இறந்துபோனார். பனியில் கைகோத்து நடக்கும் அந்தக் குதூகலத்தை எழுதியவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனிதர் என்று தெரிந்த பிறகு, அந்தப் பாட்டை வெறும் கடைவீதிப் பாட்டாக என்னால் கேட்க முடிவதில்லை.

இவை குளிரின் பாட்டுகள், வீட்டு ஏக்கத்தின் பாட்டுகள். பண்டிகைக்கு வீடு போய்ச் சேர முடியுமா, நமக்காகப் பந்தியில் இடம் இருக்குமா என்பதுதான் இவற்றில் பலவற்றின் அடியில் ஓடும் கேள்வி. கேரலைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அந்தக் கேள்வியோடு இந்த ஆல்பத்தில் உள்ள 'ஐ'ல் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்' பாட்டைக் கேளுங்கள். 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது பிங் கிராஸ்பி பாடி வெளிவந்தது. தூர தேசத்தில் இருக்கும் சிப்பாய் வீட்டுக்கு எழுதுவதுபோல் அமைந்த பாட்டு. வந்துவிடுவேன், இன்னின்னதெல்லாம் தயாராக இருக்கட்டும் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். கடைசியில்தான், கனவில் மட்டுமாவது வருவேன் என்று முடிக்கிறான். மொத்தப் பாட்டும் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறது. அதை அவசரப்பட்டு முன்னாலேயே சோகமாக்கிவிட்டால் பாட்டு கெட்டது.

பென்னட் அந்தச் சிப்பாய்களில் ஒருவர். நியூயார்க்கின் அஸ்டோரியாவில் இத்தாலியக் குடியேறிகளின் வீட்டில் 1926இல் பிறந்தார், இயற்பெயர் அந்தோணி பெனடெட்டோ. பத்து வயதில் அப்பா இறந்துபோக, அம்மா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தபந்தங்கள் வட்டமாக உட்கார, நடுவில் நின்று பாடிப் பழகிய பையன் இவர். 18 வயதில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். 1945 தொடக்கத்தில் காலாட்படையோடு ஜெர்மனிக்குள் போனார். லாண்ட்ஸ்பெர்க் அருகே ஒரு வதைமுகாமை விடுவித்த படையிலும் இருந்தார்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். போர் முடிந்து அதே 1945இல், அமெரிக்கர்களின் குடும்பப் பண்டிகையான நன்றி தெரிவிக்கும் நாளன்று, மன்ஹைம் நகரில் தன் பள்ளித் தோழர் ஒருவரைத் தற்செயலாகச் சந்திக்கிறார். தோழர் கறுப்பினத்தவர். இருவரும் சேர்ந்து தேவாலயத்துக்குப் போகிறார்கள். அப்புறம் தன் படைப்பிரிவின் பண்டிகை விருந்துக்கு அவரைக் கூட்டிவருகிறார் பென்னட். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையர் பிரிவு தனி, கறுப்பர் பிரிவு தனி. சேர்ந்து சாப்பிடக் கூடாது. ஓர் அதிகாரி வழிமறித்து, பென்னட்டின் கார்ப்பொரல் பட்டைகளைச் சீருடையிலிருந்து அறுத்து எறிந்தார். பதவி போயிற்று. பிறகு கொடுத்த வேலை, அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்த சிப்பாய்களின் உடல்களைத் தோண்டி எடுத்து முறையாக மறு அடக்கம் செய்யும் பிரிவில். தன் சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1965இல் செல்மாவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியில் அவரும் நடந்தார் என்றால், அதற்கு விதை அந்த விருந்து மேசையில் விழுந்தது என்றே நான் நம்புகிறேன்.

பண்டிகை நாளில் நண்பனோடு உட்கார்ந்து சாப்பிட விடாமல் தடுக்கப்பட்ட பையன், 82 வயதில், இந்த ஆல்பத்தில், கறுப்பினக் கலைஞரான கவுன்ட் பேஸி உருவாக்கிய வாத்தியக் குழுவோடு நின்று பண்டிகைப் பாட்டு பாடுகிறார். பேஸி 1984இலேயே காலமாகிவிட்டார், ஆனால் குழு அவர் பெயரில் தொடர்ந்தது. பேஸியும் பென்னட்டும் 1959இலேயே சேர்ந்து ஆல்பம் போட்டவர்கள். இதெல்லாம் தெரியாமலும் பாட்டை ரசிக்கலாம், சரி. தெரிந்து கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

குரல் கரகரப்புக்கு வருகிறேன். பென்னட்டுக்கு இன்னொரு கிறிஸ்துமஸ் ஆல்பம் உண்டு, 1968இல் வந்த 'ஸ்னோஃபால்'. இசைக்கோர்ப்பு ராபர்ட் ஃபார்னன். வயலின்கள் மெத்தைபோல் விரிகின்றன, அதன்மேல் 42 வயதுக் குரல் முழுப் பொலிவோடு நிற்கிறது. உங்கள் டெனர் காதுக்கு அது நிச்சயம் பிடிக்கும். 'வின்டர் வொண்டர்லேண்ட்', 'மை ஃபேவரிட் திங்ஸ்', 'ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்' மூன்றும் இரண்டு ஆல்பத்திலும் இருக்கின்றன. ஒரே மனிதர், ஒரே பாட்டு, நடுவில் 40 வருஷம். அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 1968இல் குரலின் அழகு பாட்டை மூடிவிடுகிறது என்பது என் கட்சி. 2008இல் மூடுவதற்கு அவ்வளவு அழகு மிச்சமில்லை. அதனால் சொல் வெளியே வருகிறது. நீண்ட சுரத்தை இழுத்துப் பிடிக்க முடியாத இடத்தில் சொல்லாகவே சொல்லிவிட்டு நகர்கிறார். மூச்சையெல்லாம் பாட்டின் முடிவுக்கென்று சேர்த்து வைத்துக்கொள்கிறார். பேசுகிறாரா பாடுகிறாரா என்று கேட்டீர்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் குரூனர்களின் கலையே. மைக் வந்த பிறகு பிறந்த பாட்டுமுறை இது. கடைசி வரிசைவரை குரலை எறிய வேண்டிய கட்டாயம் போய், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் பாட வழி பிறந்தது. உங்கள் ஆலயத்தில் எதிரொலிக்கும் கூரைக்குக் கீழே பாடும் நுட்பம் இதற்கு நேர் எதிரானது. அந்த அளவுகோலால் இதை அளக்க முடியாது.

தாளத்துக்குப் பின்னால் வருவது வயதுத் தளர்ச்சி இல்லை, பாடமாகப் படித்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கான அரசு உதவியில் நியூயார்க்கில் பாட்டுப் படித்தபோது, மிமி ஸ்பியர் என்ற ஆசிரியை அவரிடம், மற்றப் பாடகர்களைப் பார்த்துப் பாடாதே, வாத்தியக்காரர்களைப் பின்பற்று என்றாராம். பென்னட் தேர்ந்தெடுத்தது பியானோ மேதை ஆர்ட் டேட்டமையும் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸையும். சொற்றொடரை எங்கே தாமதித்து எடுப்பது, எங்கே ஓடிப்போய்த் தாளத்தைப் பிடிப்பது என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்த விளையாட்டுக்குப் பேஸி குழுவைவிடத் தோதான துணை கிடையாது. ஃபிரெடி கிரீன் என்ற கிதார் கலைஞர் அந்தக் குழுவில் ஐம்பது வருஷம் இருந்தார். காதில் தனியாக விழாத அளவுக்கு மெதுவாக, ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு தட்டு, அவ்வளவுதான் அவர் வேலை. அந்த நாலு தட்டின் உறுதிதான் குழுவின் பரம்பரைச் சொத்து. அடித்தளம் அப்படிப் பிசகாமல் இருந்தால் பாடுகிறவர் தைரியமாகப் பிந்தலாம், கேட்கிறவருக்கும் விழுந்துவிடுவாரோ என்ற பயம் வராது. உங்கள் நடத்துநர் வெளியே அனுப்புவதும் நியாயம்தான், நாலு குரல் சேர்ந்து பாடும்போது ஒருவர் பிந்தினால் சுருதிக் கூட்டே கலைந்துவிடும்.

எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'சான்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்' எனக்குக் கேட்டு மறந்துவிடுகிற பாட்டுதான். இர்விங் பெர்லினின் 'ஐ'வ் காட் மை லவ் டு கீப் மீ வார்ம்' பாட்டை மகள் அன்டோனியாவோடு பாடியிருக்கிறார், அதில் இசையைவிட அப்பாவின் வாஞ்சைதான் தூக்கலாக இருக்கிறது. அதற்கு இந்த ஆல்பத்தில் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

இன்னொரு முறை கேட்க மனம் வந்தால், 'ஸ்னோஃபால்' ஆல்பத்தின் 'வின்டர் வொண்டர்லேண்ட்' பாட்டில் தொடங்குங்கள். பிறகு 2008இன் அதே பாட்டு. அதன் பிறகு அந்தச் சிப்பாய்ப் பாட்டு, ஹெட்போனில், வேறு வேலை எதுவும் பார்க்காமல். அப்போதும் ஒட்டவில்லை என்றால் எழுதுங்கள், எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று குறிப்பிட்டு. பாடுகிறவர் ஒருவரிடமிருந்து அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அன்புடன்.