டிக்காலை விட்டு அவர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஐயா,

குவாத்தமாலாவின் டிக்கால் நகரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். காட்டுக்கு மேலே தலைநீட்டும் அந்தக் கோயில்கள் கண்ணிலேயே நிற்கின்றன. அதைக் கட்டிய மாயன்கள் ஒரே இரவில் மறைந்துவிட்டார்களாமே, உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறையவில்லை. குவாத்தமாலாவில் மட்டும் இன்றும் 20-க்கு மேற்பட்ட மாயன் மொழிகள் பேசப்படுகின்றன. ‘மறைந்துபோன மாயன்கள்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. உயிரோடு இருப்பவர்களை இல்லையென்று ஆக்கும் பேச்சு அது.

காலியானது நகரம்தான். அதுவும் ஒரே இரவில் அல்ல. டிக்காலில் ஆறு கிடையாது. தரை சுண்ணாம்புப் பாறை, பெய்த மழையை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வருடத்தில் சில மாதங்கள் மழையும் இருக்காது. அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள்! முற்றங்களுக்குச் சாந்து பூசி, சரிவு கொடுத்து, விழுந்த தண்ணீரை எல்லாம் குளங்களுக்குத் திருப்பினார்கள். ஒரு குளத்தில் தண்ணீரை வடிகட்டத் தொலைவிலிருந்து சியோலைட் என்ற கனிமத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அங்கே ‘நான்காம் கோயில்’ என்று அழைக்கப்படும் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். எனக்கு அதைவிட இந்தக் குளங்கள்தான் பெரிய விஷயம்.

அந்தக் குளங்களே கெட்டும் போயின. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அரண்மனையை ஒட்டிய குளங்களின் வண்டலில் பாதரசத்தையும் நச்சுப்பாசியின் தடயத்தையும் கண்டது. கட்டடங்களுக்குப் பூசிய சிவப்பு, சாதிலிங்கம் என்ற கனிமம். அதில் பாதரசம் உண்டு. மழையில் அது அடித்துக்கொண்டு போய் அரசர் குடிக்கும் தண்ணீரில் சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வறட்சியும் திரும்பத் திரும்ப வந்தது. ஏற்கெனவே ஓயாத போர்கள் வேறு. மழையைக் கொண்டுவருபவன் என்று நம்பப்பட்ட அரசனை அப்புறம் யார் நம்புவார்கள்? டிக்காலில் தேதி பொறித்த கடைசிக் கல் 869-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

சரி, மக்கள்? தண்ணீர் இருந்த பக்கம் போனார்கள். தெற்கே பேத்தன் இட்சா ஏரியின் தீவில் இருந்த நோஹ்பேத்தன் என்ற மாயன் நகரம் 1697 வரை ஸ்பானியர்களுக்குப் பணியவில்லை.

டிக்காலின் பெரிய முற்றத்துக்கு மாயன் குடும்பங்கள் இன்றும் வருகின்றன. அங்கே எதிரெதிரே நிற்கும் இரண்டு கோயில்களுக்கும் நடுவில் நெருப்பு மூட்டி, சாம்பிராணி போன்ற மரப்பிசினைப் புகைத்துக் கும்பிடுகிறார்கள்.