பிரான்ஸுக்கு மறுபடி போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்ஸை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முதல் பயணத்துக்கு நோட்டுப் போட்டுத் திட்டமிட்டவர்கள்கூட, அடுத்த முறை “தெரிந்த ஊர்தானே” என்று விமான டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படிப் போய் அவதிப்பட்டேன். அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கேள்வி: மே மாதம் பாரிஸில் இறங்கி, நேராகத் தென் பிரான்ஸிலுள்ள அவிஞ்ஞோன் போகிறோம். ரயில் டிக்கெட்டை அங்கே போய் எடுத்தால் போதுமா?

போதாது. அதுவும் மே மாதத்தில் வேண்டவே வேண்டாம். மே 1 தொழிலாளர் தினம், மே 8 இரண்டாம் உலகப் போர் வெற்றி நாள். இரண்டும் விடுமுறை. ஈஸ்டரிலிருந்து 40ஆம் நாள் வரும் விண்ணேற்றத் திருநாளும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். அது எப்போதும் வியாழக்கிழமை. வெள்ளிக்கும் ஒரு லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பாலம்’ என்பார்கள். ஊரே ரயில் ஏறிவிடும்.

நான் அப்படி ஒரு புதன்கிழமை மாலை பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்தில் போய் நின்றேன். முந்தைய பயணத்தில் காலி இருக்கைகளோடு போன அதே தடம்தான். அன்று ஒரு இடம்கூட இல்லை. மறுநாள் மதிய வண்டியில் முதல் வகுப்பு மட்டும் கிடைத்தது. அவிஞ்ஞோனில் போட்டிருந்த அறைக்கு ஓர் இரவு வாடகை வீண்; பாரிஸில் தங்க இன்னொரு வாடகை.

டி.ஜி.வி. அதிவேக ரயிலில் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும், விமானம் மாதிரி. இடப்பதிவும் கட்டாயம். பயணத் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். பக்கத்து ஊர்களுக்கு ஓடும் டி.இ.ஆர். வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. பெரும்பாலும் அன்றைக்கே டிக்கெட் எடுத்து ஏறிக்கொள்ளலாம். ஆக, நீண்ட தூரத்தை உறுதி செய்துவிட்டு, ஆர்ல், நீம் போன்ற பக்கத்து ஊர்களை அன்றன்றைய மனநிலைக்கு விட்டுவிடலாம்.

இன்னொன்று: அவிஞ்ஞோனில் டி.ஜி.வி. நிலையம் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே, ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஊர் நிலையத்துக்குச் சில நிமிடத்தில் இணைப்பு ரயில் உண்டு. எக்ஸான்புரோவான்ஸ் ஊரில் டி.ஜி.வி. நிலையம் இன்னும் தூரம். பஸ் பிடிக்க வேண்டும்.

கேள்வி: திரும்பும்போது பாரிஸில் திங்கள், செவ்வாய் மட்டும் இருப்போம். லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியும், வரிசை மாறாமல் இருந்தால். ஓர்சே திங்களன்று மூடியிருக்கும், லூவ்ர் செவ்வாயன்று. எனவே திங்கள் லூவ்ர், செவ்வாய் ஓர்சே. வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. லூவ்ருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்கு நுழைவு இலவசம்தான்.

கேள்வி: வயதான பெற்றோரோடு லுவார் பள்ளத்தாக்கு. ஐந்து நாளில் எத்தனை ஊரில் தங்கலாம்?

ஒரே ஊரில். தூர் நகரில் அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிடுங்கள். இரண்டாவது பயணத்தில் பலரும் விட்ட இடத்தையெல்லாம் பிடித்துவிடத் துடிப்பார்கள். தினமும் பெட்டி கட்டியே பாதி நாள் போய்விடும். ஆற்றின் மேல் பாலம்போல் நிற்கும் ஷெனோன்சோ மாளிகைக்குத் தூரிலிருந்து அரை மணி நேர உள்ளூர் ரயில், இறங்கியதும் வாசல். ஆனால் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஷாம்போர் மாளிகைக்கு ரயில் இல்லை. அதற்கு புளுவா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.

கேள்வி: கிராமப்புறம் சுற்ற வாடகைக் கார் எடுக்கலாமா?

தாராளமாக. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள், மேனுவல்தான் அங்கே வழக்கம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் வேண்டும். எடுக்கும் இடம் திறந்திருக்கும் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். சிறிய ஊர்களில் மதிய உணவு நேரத்தில் கதவடைப்பார்கள், ஞாயிறு முழுக்க மூடியிருப்பார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு சிற்றூரில் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறேன். கார் கைக்கு வந்தது திங்கள் காலையில்தான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். போன முறை ரொட்டியும் சீஸும் தின்றே ஒப்பேற்றினோம். இந்த முறை என்ன வழி?

சீஸிலேயே கவனம் வேண்டும் அம்மா. கோந்தே, ரோக்ஃபோர் போன்றவற்றில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்தோ ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்தோ எடுக்கும் நொதி. நீஸில் கடலை மாவில் சுடும் ‘சோக்கா’ கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துப்போகும். நேரமும் முக்கியம்: பல உணவகங்களில் 2 மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், மறுபடி 7 மணிக்குத்தான். பாரிஸில் இருக்கும் நாளில் கார் துய் நோர் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள லா ஷப்பேல் பகுதிக்கு நடந்து போங்கள். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சூடாகத் தோசை சாப்பிடலாம், அடுத்த நாள் ரயிலுக்கு வேண்டியதையும் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.