ஃப்ராக்டல் ஓவியம்: ஒரே இடத்தில் தங்கிப் பாருங்கள்

கேள்வி: இரண்டு மாதமாகக் கணினியில் ஃப்ராக்டல் ஓவியம் (பெரிதாக்கப் பெரிதாக்க ஒத்த வடிவங்களே திரும்பத் திரும்ப வரும் ஓவியம்) பழகுகிறேன். நான்கைந்து மென்பொருள்களை மாற்றிப் பார்த்துவிட்டேன். என் படங்கள் எல்லாம் எங்கோ பார்த்தவை போலவே அமைகின்றன. ஒன்றை ஏ3 தாளில் அச்சிட்டபோது கலங்கலாக வந்தது. எனக்குக் கணிதம் வராததுதான் காரணமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: கணிதம் காரணமில்லை. மாண்டல்பிராட் என்ற புகழ்பெற்ற ஃப்ராக்டல் படத்துக்குரிய கணக்கு மிக எளியது: பூச்சியத்தில் தொடங்கி, கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, அந்தப் புள்ளிக்குரிய எண்ணைக் கூட்டி, வரும் விடையை மறுபடியும் அவ்வாறே செய்துகொண்டு போவது. விடையின் அளவு 2ஐத் தாண்டிவிட்டால், எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்பதற்கேற்ப அந்தப் புள்ளி வண்ணம் பெறும். நாம் வைத்த சுற்றுகள் முடிந்தும் தாண்டாத புள்ளி கறுப்பாக நிற்கும். கடினமானது அதற்குப் பிறகு வரும் தேர்வுதான். அந்தத் தேர்வை நீங்கள் மென்பொருளிடமே விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அபோபிசிஸ் போன்ற மென்பொருள்கள் தாமாகவே சுடர் வடிவங்களை உருவாக்கித் தருகின்றன. அவற்றில் அழகானதை எடுத்துச் சேமித்தால், அதே மென்பொருளைத் திறந்த பலரின் படத்தைத்தான் நீங்களும் வைத்திருப்பீர்கள்.

ஒரே ஒரு மென்பொருளோடு ஒரு மாதம் இருங்கள். பிச்சாவரத்தில் படகில் போயிருப்பீர்கள். அங்கே கால்வாய் கிளைத்துக்கொண்டே போகும், ஆனால் ஒரு கிளைக்குள் நுழைந்து மெதுவாகப் போகிறவருக்குத்தான் சுரபுன்னை வேர்கள் கண்ணில் படும். அதுபோல, மாண்டல்பிராட் படத்தில் மெய்ப்பகுதி (கிடைமட்ட இடம்) −0.75, கற்பனைப்பகுதி (செங்குத்து இடம்) 0.1 என்ற இடத்துக்குச் செல்லுங்கள். கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் இடம் அது. சுற்று எண்ணிக்கையை 100 என்று வைத்துப் பெரிதாக்கினால் சுருள்களின் நடுவே கறுப்புத் திட்டுகள் அடைத்துக்கொண்டு நிற்கும். அதையே 2,000 ஆக உயர்த்தினால், அத்திட்டுகள் பல கரைந்து, உள்ளேயிருந்து மெல்லிய சுருள்கள் எழும். இந்த ஒரு மாற்றத்தை நீங்களே செய்து பார்ப்பது பத்து மென்பொருள்களை நிறுவுவதைவிட அதிகம் கற்றுத்தரும். ஆழத்துக்காக ஆழம் போக வேண்டாம். கணினி எண்களை வழக்கமாகக் கையாளும் 64 பிட் கணக்கில், ஏறத்தாழ பத்து லட்சம் கோடி மடங்கு பெரிதாக்குவதை நெருங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

வண்ணத்தில் சிக்கனமாக இருங்கள். தொடங்குபவர்கள் வானவில் முழுவதையும் கொட்டிவிடுவதால் கண்ணுக்குத் தங்க இடமில்லாமல் போகிறது. முதலில் கறுப்பு வெள்ளையில் படம் நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு மூன்று வண்ணங்களுக்குள் வண்ணப்பட்டையை அமையுங்கள். நல்ல இடம் கிடைத்ததும், படத்தோடு அதன் அளவுருக் கோப்பையும் (இடம், பெரிதாக்கிய அளவு, சுற்று எண்ணிக்கை போன்ற எண்கள் உள்ள கோப்பு) சேமித்துவிடுங்கள். அந்த எண்கள் இல்லாவிட்டால் அதே இடத்துக்குத் திரும்புவது ஏறக்குறைய இயலாது.

அச்சு கலங்கியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கக்கூடும். திரையில் தெரிந்த 1366 × 768 படத்தை அப்படியே ஏ3 தாளுக்கு விரித்தால், அங்குலத்துக்கு 83 புள்ளிகள் அளவில்தான் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமானால், அளவுருக் கோப்பிலிருந்து 4961 × 3508 அளவில் படத்தைப் புதிதாகக் கணக்கிட வைத்து, விளிம்புகளை மென்மையாக்கும் வசதியையும் இயக்கி, ஜேபெக்கில் அல்லாமல் பிஎன்ஜியில் சேமியுங்கள். மடிக்கணினி இரவு முழுவதும் ஓடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் முழுத் தாளுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சுருள் மிக நெருக்கமாக உள்ள ஒரு மூலையை மட்டும் உள்ளங்கை அளவில் அச்சிடச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் ஒளிர்ந்த கருநீலம் தாளில் கறுப்பாகிவிட்டதா என்பது அப்போது தெரிந்துவிடும்.