வாசகர் கேள்வி – பதில்: ஒரே பெயர்ச் சாயலில் இரண்டு இசைத்தட்டுகள்

கேள்வி: எழுபதுகளில் அமெரிக்க ராக் பாடகர் ஜோனத்தன் ரிச்மனும் அவருடைய தி மாடர்ன் லவ்வர்ஸ் குழுவும் வெளியிட்ட ஆல்பங்களின் மறுவெளியீடுகளை வாங்க விரும்புகிறேன். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் குழப்பமாக இருக்கிறது. ஒன்று மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்கள் குழப்பம் நியாயமானது. 'தி மாடர்ன் லவ்வர்ஸ்', 'ஜோனத்தன் ரிச்மன் அண்ட் தி மாடர்ன் லவ்வர்ஸ்' என்னும் இரண்டு ஆல்பங்களும் 1976ஆம் ஆண்டிலேயே, பெசர்க்லி என்னும் ஒரே நிறுவனத்தின் வழியாக வெளிவந்தன. ஆனால் முதலாவதில் உள்ளவை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பதிவானவை. அவற்றுள் பெரும்பகுதி, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவிலிருந்து விலகியிருந்த ஜான் கேலின் மேற்பார்வையில், 1972இல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாதிரி காட்டுவதற்காகப் பதிவு செய்யப்பட்டவை. அந்த ஆல்பம் அப்போது முழுமை பெறவே இல்லை; 1974இன் தொடக்கத்தில் குழுவும் கலைந்துவிட்டது. விசைப்பலகை வாசித்த ஜெரி ஹாரிசன் பின்னாளில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவிலும், டிரம்ஸ் வாசித்த டேவிட் ராபின்சன் தி கார்ஸ் குழுவிலும் சேர்ந்து புகழ்பெற்றார்கள்.

ஒன்றே ஒன்று என்றால், தயங்காமல் அந்த முதல் ஆல்பத்தையே வாங்குங்கள். அதன் தொடக்கப் பாடலான 'ரோட்ரன்னர்' பெரும்பாலும் இரண்டே கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளில்) ஓடுகிறது. பாஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில், இரவில், வானொலி ஒலிக்கக் காரோட்டிச் செல்லும் இளைஞனின் பரவசம் மட்டுமே அதன் பொருள். நள்ளிரவில் நம் பொள்ளாச்சிச் சாலையில் பாட்டுக் கேட்டபடி வண்டி ஓட்டியவர்களுக்கு அதற்கு உரை எதுவும் தேவைப்படாது. இங்கிலாந்தின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் இதே பாடலை எடுத்துப் பாடியதை நினைத்தால், பங்க் என்னும் கரடுமுரடான, வேகமான ராக் இசைக்கு முன்னோடி என்று இவர்களைச் சொல்வது ஏன் என்பது விளங்கும்.

ஒலி கரடுமுரடாக இருக்கிறதே என்று மறுவெளியீட்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். அது மூலப்பதிவிலேயே உள்ள குணம். அதைத் துடைத்து மெருகேற்றினால் பாட்டின் உயிர் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். 1976இல் வந்த மூலத் தட்டில் ஒன்பது பாடல்களே இருந்தன. 'ஐம் ஸ்ட்ரெய்ட்' போன்றவை பின்னாளைய மறுவெளியீடுகளில் சேர்க்கப்பட்டவை. 1981இல் வந்த 'தி ஒரிஜினல் மாடர்ன் லவ்வர்ஸ்' என்பதோ கிம் ஃபோலி தயாரித்த வேறு பதிவுகளின் தொகுப்பு. 'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பார்த்து அதுதான் முதல் ஆல்பம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு 1976 ஆல்பமான 'ஜோனத்தன் ரிச்மன் அண்ட் தி மாடர்ன் லவ்வர்ஸ்' என்பதில் பாடுபவர் அதே ரிச்மன், ஆனால் உரத்த ஒலியில் நம்பிக்கை இழந்தவர். குழந்தைகளும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெல்லிய இசையை அவர் மனமறிந்து தேர்ந்துகொண்டார். முதல் ஆல்பத்தின் வேகத்தை எதிர்பார்த்து அதைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அதையே தனியாகக் கேட்டால், நாளடைவில் நெருக்கமாகிவிடும் தட்டு அது.

கேள்வி: 180 கிராம் தட்டு என்றால் ஒலி மேலானதா? தாத்தா செம்பை வைத்தியநாத பாகவதரின் எல்.பி.க்களைக் கேட்ட பழைய பிளேயரிலேயே புதிய தட்டுகளையும் போடலாமா?
– ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: எடைக்கும் ஒலித்தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பழைய எல்.பி.க்கள் பலவும் 120 முதல் 140 கிராம் வரைதான் இருந்தன. அவற்றில் மிக நன்றாக ஒலிப்பவை ஏராளம். எந்த மூல நாடாவிலிருந்து எடுத்தார்கள், ஊசி ஓடும் பள்ளங்களை எவ்வளவு கவனமாக வெட்டினார்கள், எப்படி அச்சிட்டார்கள் என்பவையே தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பிளேயர் விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கும் பகுதி) பல, ஐந்து கிராமோ அதற்கு மேலோ தட்டை அழுத்துபவை. ஊசியும் தேய்ந்திருந்தால் புதிய தட்டின் பள்ளம் சில முறைகளிலேயே கெட்டுவிடும். ஏறக்குறைய இரண்டு கிராம் அழுத்தத்தில் இயங்கும் காந்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய பிளேயர் கிடைக்கும்வரை, புதிய தட்டை உறையிலேயே வைத்திருங்கள். தாத்தாவின் தட்டுகளையும் புது ஊசியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதுவரை காதில் விழாத தம்புரா கேட்கக்கூடும்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலில் தட்டு வளைந்துவிடுமா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: நிழலான அறையின் வெப்பத்தால் பொதுவாக வளையாது, ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரம் விட்டாலே வளைந்துவிடலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், செங்குத்தாக, சாயாதபடி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் காகித உள்ளுறை ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.